மேசைக்கணினி மென்பொருளா, வலைவழிப் பயன்பாடா? – சாஆ போன்ற சிற்றூர்களின் தமிழ்ப் பதிவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழர்தம் அன்றாட எழுத்துப்பணிகள் இன்று பெரும்பாலும் கணினிவழியே நடைபெறுகின்றன. பள்ளி ஆண்டுமலர், ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, தேர்வு வினாத்தாள், தோட்ட வரலாற்றுத் தொகுப்பு என அனைத்தும் கோப்புகளாகவே உருப்பெறுகின்றன. இக்கோப்புகளைக் கணினியில் நிறுவப்பெற்ற மென்பொருளைக் கொண்டு உருவாக்குவதா, இணையத்தின்வழிக் கிடைக்கும் பயன்பாடுகளைக் கொண்டு உருவாக்குவதா என்னும் வினாவை ஆசிரியர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் அடிக்கடி எழுப்புகின்றனர். விலை, வசதி ஆகிய இரண்டை மட்டும் எண்ணியே பெரும்பாலும் விடை காணப்படுகிறது. இவ்விரண்டும் கருதத்தக்கனவே. எனினும், இருபது ஆண்டுகள் கழித்து அக்கோப்பு திறக்குமா, அதிலுள்ள தமிழ் படிக்கத்தக்கதாய் இருக்குமா என்பது இவற்றினும் முதன்மையான வினா என நாம் கருதுகிறோம். ஜொகூர் மாநிலத்துச் சாஆ என்னும் சிற்றூரைச் சான்றாகக் கொண்டு, இருவகை மென்பொருள்களின் இயல்பையும் விளக்கி, எப்பணிக்கு எது ஏற்றது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சாஆவைச் சான்றாகக் கொள்வதன் காரணம்

சாஆ, சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்தது; லாபிஸ் மாவட்ட மன்றத்தின் நிருவாக எல்லைக்குள் அடங்குவது. யொங் பெங்கிலிருந்து லாபிஸ் நோக்கிச் செல்லும் பழைய முதன்மைச் சாலையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ளது. இத்தகைய ஊர்களில் தோட்டத் தமிழர் வாழ்வுக்குரிய சான்றுகள் அச்சிட்ட நூல்களில் அரிதாகவே கிடைக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆலயத் திருப்பணிக் கணக்கு, சங்கக் கூட்டக் குறிப்பு, ஆண்டுமலர் ஆகியனவே ஆய்வாளர்க்கு மூலங்களாகின்றன. தோட்டங்கள் கைம்மாறி, மக்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்த பின்னர், எஞ்சி நிற்கும் சாட்சிகள் இவையே. இவை மறைந்தால் மீண்டும் ஈட்ட இயலாது.

இவ்வட்டாரம் வெள்ளத்திற்கு இலக்காகும் வட்டாரமும் ஆகும். 2006 டிசம்பர் முதல் 2007 ஜனவரி வரை ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். 2011 ஜனவரி இறுதியிலும் சிகாமட் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் சாஆவும் யொங் பெங்கும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் மீண்டும் வெள்ளத்தில் சிக்கின. தரைத்தள அலுவலகத்தில், மேசைக்கு அடியில் வைக்கப்பெற்ற கணினிப் பெட்டியே வெள்ளநீர் முதலில் தொடும் பொருள்களுள் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது. அதன் வன்தட்டில் மட்டும் இருந்த கோப்புகள் அதனோடு அழியும்.

மறுபுறம், வெள்ளமும் மின்தடையும் நேர்கையில் இணைய இணைப்பும் அறுபடும். மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பெற்று, அதனிடத்தில் 4ஜி சேவை விரிவாக்கப்பட்டது. இருப்பினும், நகர் நடுவிலும் தோட்டத்து உட்பகுதியிலும் அலைவலிமை ஒரே தன்மையதாய் இருப்பதில்லை. ஆகவே, கணினியை மட்டும் நம்புவார்க்கு ஓர் இடரும், இணைப்பை மட்டும் நம்புவார்க்கு வேறோர் இடரும் உள்ளன. ஒரே ஊரில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருப்பதால், நம் ஆய்வுக்குச் சாஆ பொருத்தமான சான்றாகிறது.

இருவகை மென்பொருளும் இயங்கும் முறை

மேசைக்கணினி மென்பொருள் என்பது நம் கணினியின் வன்தட்டில் நிறுவப்பெற்று, அக்கணினியின் செயலியையும் நினைவகத்தையும் கொண்டே இயங்குவது. மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரே ஆபிஸ், அடோபி இன்டிசைன் ஆகியன இவ்வகையின. கோப்பும் வழக்கமாக அதே கணினியிலேயே சேமிக்கப்பெறும். இணையம் இல்லாவிடினும் எழுதவும் திருத்தவும் அச்சிடவும் இயலும்.

வலைவழிப் பயன்பாடு என்பது தொலைவிலுள்ள வழங்கிக் கணினியில் அமைந்து, நம் உலாவியின்வழியே பயன்படுவது. திரையில் தோன்றும் பகுதி உலாவியில் இயங்கினாலும், கோப்பின் மூலப்படி வழங்கியிலேயே இருக்கும். எந்தக் கணினியிலிருந்தும் கைத்தொலைபேசியிலிருந்தும் அதனை அணுகலாம். பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தைத் திருத்தலாம். கூகுள் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ரைட்லி என்னும் சொல்லாக்கப் பயன்பாட்டை வாங்கி, அதே ஆண்டில் சொல்லாக்கத்தையும் விரிதாளையும் ஒருங்கே வழங்கத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் 2011ஆம் ஆண்டில் ஆபிஸ் 365 என்னும் சந்தாச் சேவையைத் தொடங்கியது. இவற்றின்பின் இம்முறை பரவலாயிற்று.

இதனை 'மேகம்' என அழைப்பது வழக்கமாகிவிட்டது. இச்சொல், கோப்பு எங்கோ வானில் இருப்பது போன்ற மயக்கத்தைத் தருகிறது. உண்மையில் அது நிலத்தில் எழுப்பப்பட்ட கட்டடத்தில், மின்சாரத்தையும் குளிரூட்டும் நீரையும் பெருமளவில் நுகரும் கணினிகளில் உள்ளது. இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி ஜொகூருக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டில் புதிய தரவு மையங்களுக்கான இசைவை நிறுத்திவைத்து, 2022ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வழங்கத் தொடங்கியது. அவ்விடைவெளியில் தரவு மைய முதலீடுகள் ஜொகூரை நாடின. கூலாய் வட்டாரத்துச் செடனாக்கில் இன்று அத்தகைய மையங்கள் எழுந்துள்ளன. நம் கோப்பு அவற்றுள் ஒன்றில் இருக்கலாம். வேறொரு நாட்டில் இருக்கவும் கூடும். எங்கிருப்பினும் அது பிறிதொருவர் கட்டடத்தில், அவர் வகுத்த விதிகளுக்கு உட்பட்டு இருக்கிறது என்பதே கருதத்தக்கது.

மேசைக்கணினியில் தமிழ்: பெற்றதும் இழந்ததும்

தமிழ்க் கணிமையின் தொடக்கக் காலம் முழுவதும் மேசைக்கணினி மென்பொருளின் காலமே. அதில் மலேசியாவின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள், பின்னர் முரசு அஞ்சல் என வளர்ந்து, இந்நாட்டுத் தமிழர் பலருக்குக் கணினித் தமிழை அறிமுகப்படுத்தியது. அடோபி பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் தமிழ் எழுத்துருக்களும் இணைந்தபோது, அச்சகத்தை நாடாமலேயே ஆண்டுமலரை வடிவமைக்க இயன்றது.

ஆயினும், அக்காலத்துக் கோப்புகள் பலவற்றை இன்று திறந்தால் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் குறிகளே தோன்றுகின்றன. இதன் காரணத்தை விளக்குதல் தகும். அன்றைய எட்டுத்துகள் குறியாக்கத்தில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. தமிழெழுத்துகளைப் பிற்பாதியில் அடைத்தோரும் உண்டு. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தோரும் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசையை அமைத்துக்கொண்டது. ஆகவே, கோப்பில் சேமிக்கப்பட்டது எழுத்தன்று. எழுத்துருவில் ஓர் இடத்தைச் சுட்டும் எண் மட்டுமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவ்வெண்ணுக்கு வேறு பொருள் அமைந்துவிடுகிறது.

இச்சிக்கலைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் தமிழக அரசால் ஏற்கப்பெற்றன. பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் கலந்துரையாடித் திஸ்கி என்னும் குறியாக்கத்தை வகுத்தனர். ஒருங்குறித் தரத்தின் முதற்பதிப்பிலேயே, 1991ஆம் ஆண்டில், தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும், விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே பொதுப் பயனர் கணினிகளில் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியையும் அதனோடு தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரங்களாக ஏற்றது. இன்று ஒருங்குறியே எங்கும் நிலைபெற்றுள்ளது.

பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 7.0 ஆகும். அதன்பின் அம்மென்பொருள் வளரவில்லை. அதில் வடிவமைக்கப்பெற்ற மலர்களைத் திறக்க, அம்மென்பொருளும் அதற்கேற்ற பழைய இயங்குதளமும் அக்குறிப்பிட்ட எழுத்துருவும் ஒருங்கே தேவைப்படுகின்றன. மூன்றில் ஒன்று இல்லையேல் கோப்பு பயனற்றது. எனவே அச்சுப்படியைக் கண்முன் வைத்துக்கொண்டு மீண்டும் தட்டச்சு செய்யும் நிலை பல பள்ளிகளில் ஏற்படுகிறது. வன்தட்டு நம்முடையதாக இருந்தும், அதிலுள்ள எழுத்து நமக்கு வயப்படவில்லை என்பதே இதன் பாடமாகும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னுரையாக்கியது. அதன் தொடக்கக் கால உரைகள் ஒருங்குறியில் அமைந்தவை அல்ல. எனினும் அவை பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பெற்று இன்றும் பயில்கின்றன. அவை பின்பற்றிய குறியாக்க அட்டவணை யாவரும் அறிய வெளியிடப்பட்டிருந்தமையும், உரைகளின் படிகள் பல நாடுகளில் பலரிடம் இருந்தமையுமே இதற்குக் காரணங்கள். மதுரைத் திட்டத்து உரைகளும் பேஜ்மேக்கர் மலர்களும் மேசைக்கணினியில் உருவானவையே. ஒன்று பிழைத்தது, மற்றொன்று பிழைக்கவில்லை.

வலைவழிப் பயன்பாட்டின் பயனும் நிலையாமையும்

வலைவழிப் பயன்பாடுகள் ஒருங்குறி நிலைபெற்ற பின்னர் வளர்ந்தவை. ஆதலால் மேற்குறித்த எழுத்துருச் சிக்கல் அவற்றில் பெரும்பாலும் எழுவதில்லை. சாஆவிலுள்ள ஆசிரியரும் கோலாலம்பூரில் வாழும் முன்னாள் மாணவரும் ஒரே ஆவணத்தைத் திருத்தலாம். முன்னைய வடிவங்களும் வழங்கியில் பேணப்பெறுவதால், தவறுதலாக நீக்கிய பகுதியை மீட்கலாம். அச்சிட்ட பழைய மலரைப் படமெடுத்துக் கூகுளின் எழுத்துணரி வசதியால் உரையாக மாற்றலாம். பிழை திருத்தம் தேவைப்படினும், முழுவதையும் தட்டச்சு செய்வதினும் அது எளிது. பிழைதிருத்தத்திலும் இருவகைக் கருவிகள் நமக்குக் கிடைத்துள்ளன. பேராசிரியர் ந. தெய்வ சுந்தரம் உருவாக்கிய மென்தமிழ் சொல்லாளர் கணினியில் நிறுவிப் பயன்படுத்தத்தக்கது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தி இணையத்தின்வழிப் பயன்படுவது. கருவி எங்கு இயங்கினும் அதன் பின்னுள்ள மொழியறிவே அதன் தரத்தை முடிவு செய்கிறது.

வெள்ளத்தை எண்ணும்போது வலைவழிப் பயன்பாட்டின் பயன் தெளிவாகிறது. அலுவலகம் நீரில் மூழ்கினும் வழங்கியிலுள்ள கோப்பு மூழ்குவதில்லை. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோதும், இணையவழிப் பயன்பாடுகளைக் கொண்டே கற்பித்தல் தொடர்ந்தது.

ஆயினும், வலைவழிப் பயன்பாடு நிலைத்து நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. மலேசியப் பள்ளிகள் இதனை நேரிற் கண்டவை. 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 1பெஸ்தாரிநெட் திட்டம், ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் பிராக் விஎல்இ என்னும் கற்றல் தளமும் வழங்கும் நோக்குடையது. ஆசிரியர்கள் அதில் பாடப்பொருள்களை உருவாக்கி வைத்தனர். 2019 ஜூலையில் கல்வியமைச்சு அதற்கு மாற்றாகக் கூகுள் கிளாஸ்ரூம் பயன்பாட்டுக்கு மாறியது. 2020 ஜூனில் டெலிமா தளம் அறிமுகங்கண்டது. கொள்கை அளவில் இம்மாற்றங்களுக்குக் காரணங்கள் இருக்கலாம். ஆசிரியரின் நோக்கில் காண்கையில், ஒரு தளத்தில் இட்ட உழைப்பை மறு தளத்திற்குப் பெயர்த்தெடுக்கும் சுமை அவர்மீதே விழுந்தது. கூகுளின் ஜாம்போர்டு என்னும் எண்ணிமக் கரும்பலகையும் 2024 டிசம்பர் 31ஆம் நாளுடன் முடிவுக்கு வந்தது. முன்னதாக, பலர் தம் வலைப்பக்கங்களை அமைத்திருந்த யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

பழைய மேசைக்கணினி மென்பொருள், அதனை உருவாக்கிய நிறுவனம் கைவிட்ட பின்னரும், பழைய கணினியில் சில ஆண்டுகளேனும் இயங்கும். வலைவழிப் பயன்பாடு மூடப்படும் நாளில் எல்லார்க்கும் ஒருசேர மறைகிறது. முன்னது மெல்லத் தேய்வது. பின்னது குறித்த நாளில் நிற்பது. இவ்வேறுபாடு முதன்மையானது.

கணக்கின் உரிமையாளர் யார்?

சங்கங்களும் ஆலயங்களும் எதிர்கொள்ளும் மற்றோர் இடர் தொழில்நுட்பம் சாராதது. சங்கத்தின் கோப்புகள் யாவும் செயலாளரின் தனிப்பட்ட மின்னஞ்சல் கணக்கில் இருப்பது வழக்கமாகியுள்ளது. பொறுப்பாளர் மாறினால், அல்லது அவர் மறைந்தால், அக்கோப்புகளின் நிலை என்ன? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023ஆம் ஆண்டில் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஆகவே, முன்னைய செயலாளரின் கணக்கில் உறங்கும் திருப்பணிக் கணக்கு எவருடைய தீய எண்ணமும் இன்றியே அழியக்கூடும். சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதன் கடவுச்சொல்லையும் மீட்பு வழியையும் குறைந்தது இருவர் அறிந்திருத்தல் வேண்டும். பொறுப்பு ஒப்படைப்பின்போது முத்திரையையும் காசோலைப் புத்தகத்தையும் ஒப்படைப்பது போன்றே இக்கணக்கையும் ஒப்படைத்து, கூட்டக் குறிப்பில் பதிதல் நன்று.

மறைகாப்பும் இங்குக் கருதத்தக்கது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகள் சார்ந்த தரவுகளையே கட்டுப்படுத்துவது. மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. ஆதலால், பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆலயமோ வைத்திருக்கும் பட்டியலைச் சட்டம் முழுமையாகக் காக்கும் என நம்பியிருத்தல் பொருந்தாது. இணைப்பை அறிந்தவர் எவரும் காணலாம் என அமைக்கப்பெற்ற விரிதாளில் மாணவர்தம் அடையாள ஆவண எண்களை இடுதல் தவிர்க்கத்தக்கது.

மங்கிவரும் எல்லைக்கோடு

இருவகையையும் பிரிக்கும் கோடு இன்று முன்போல் தெளிவாக இல்லை. அடோபி நிறுவனம் 2013 மே மாதத்தில், தன் முதன்மை மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே வழங்கப்போவதாக அறிவித்தது. அவை நம் கணினியிலேயே இயங்குவன. ஆயினும், கணக்கு செல்லுபடியானதாய் இருந்தால் மட்டுமே இயங்கும். 2019ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாணை ஒன்றின் காரணமாக வெனிசுவேலா நாட்டுப் பயனர்களின் கணக்குகளை முடக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்து, பின்னர் இசைவு பெற்றுச் சேவையைத் தொடர்ந்தது. கணினியில் நிறுவப்பெற்றது என்பதனாலேயே மென்பொருள் நம் முழுக் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கொள்ள இயலாது என்பதை இது காட்டுகிறது.

மறுதலையாக, கூகுள் டாக்ஸ் போன்றவற்றை இணைப்பு இல்லாதபோதும் பயன்படுத்தலாம். ஆனால் அவ்வசதியை இணைப்பு இருக்கும்போதே முன்கூட்டி இயக்கி வைத்திருத்தல் வேண்டும். வெள்ளம் வந்த பின்னர் அதனை இயக்க இயலாது.

இவ்விடத்தில் பலரும் அறியாத ஒரு நுட்பத்தைச் சுட்டுதல் தகும். கூகுள் டாக்ஸ் ஆவணம் நம் கணினியின் கோப்புறையில் ஒரு கோப்புபோல் தோன்றினாலும், அங்கிருப்பது வழங்கியிலுள்ள ஆவணத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. அதனைப் பென்டிரைவில் படியெடுத்து வைத்தால், உரை எதுவும் காக்கப்பட்டதாகாது. 'பதிவிறக்கு' என்னும் கட்டளையால் வேர்டு கோப்பாகவோ திறந்த ஆவணக் கோப்பாகவோ மாற்றிய பின்னரே அது உண்மையான படியாகும். அதுபோன்றே, கணினிக்கும் வழங்கிக்கும் இடையே கோப்புகளை ஒத்திசைத்தல் காப்புப்படி எடுத்தல் ஆகாது. ஓரிடத்தில் நீக்கினால் மறுபுறமும் நீங்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் இடப்பட்டவை 30 நாள்களுக்குப் பின் தாமே அழிகின்றன.

பணிக்கேற்ற தேர்வு

மேற்கூறியவற்றின் அடிப்படையில், சாஆ போன்ற ஊர்களில் நிகழும் நான்கு பணிகளுக்குரிய தேர்வை இனிக் காண்போம்.

முதலாவது, ஆண்டுமலர். படைப்புகளைத் திரட்டுதல், திருத்துதல், ஒப்புநோக்குதல் ஆகியவற்றில் பலர் பங்கேற்பதால் இக்கட்டத்திற்கு வலைவழிப் பயன்பாடே ஏற்றது. பக்க வடிவமைப்புக்கு மேசைக்கணினி மென்பொருள் இன்றும் பொருத்தமானது. வடிவமைப்பு முடிந்ததும் பிடிஎப் கோப்பை மட்டும் காத்தல் போதாது. பிடிஎப் பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். ஆனால் அதிலிருந்து தமிழ் உரையைப் படியெடுக்கும்போது கொம்பும் காலும் இடம்மாறிச் சொற்கள் சிதைவதுண்டு. எனவே திருத்திய உரையைத் தனியே ஒருங்குறியில் சேமித்தல் வேண்டும்.

இரண்டாவது, ஆலயம் அல்லது சங்கத்தின் கணக்கு. பதிபவர் ஒருவராகவும் பார்ப்பவர் பலராகவும் இருப்பதால், மேசைக்கணினி விரிதாளும் வலைவழி விரிதாளும் இதற்குத் தகும். மாத இறுதியில் ஒரு படியைப் பதிவிறக்குதலும், ஆண்டிறுதியில் அச்சிட்டுக் கையொப்பமிடுதலும் கட்டாயமாதல் நன்று. சங்கப் பதிவிலாகாவுக்கான ஆண்டறிக்கை, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் இணையவழி அமைப்பில் சமர்ப்பிக்கப்பட வேண்டியது. இங்குத் தேர்வுக்கே இடமில்லை. எனவே, சமர்ப்பித்தவற்றின் படியைச் சங்கம் தன்னிடமும் வைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வினாத்தாள். இதில் பகிர்வினும் காப்பே முதன்மையானது. தனிக் கணினியில், மேசைக்கணினி மென்பொருளில், கடவுச்சொல்லுடன் உருவாக்குதல் சிறந்தது. தேர்வு முடிந்த பின்னர் ஆசிரியர்களிடையே பகிர்தற்கு வலைவழிப் பயன்பாட்டைக் கொள்ளலாம்.

நான்காவது, தோட்ட வரலாற்றுத் தொகுப்பு. இதுவே மிக நீண்ட காலம் நிலைக்க வேண்டியது. மூத்தோரின் நேர்காணல் ஒலிப்பதிவுகளையும் அவற்றின் எழுத்துவடிவையும் எந்த ஒரு மென்பொருளையும் சாராத பொது வடிவங்களில் சேமித்தல் வேண்டும். இதற்குப் பெரிய சேமிப்பகம் தேவை என அஞ்சுவோர் உளர். உரையைப் பொறுத்தவரை அவ்வச்சம் தேவையற்றது. வலையில் பரவலாக வழங்கும் ஒருங்குறி வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள் ஆகும். 60,000 சொற்கள் கொண்ட நூலொன்றில், ஒரு சொல்லுக்கு எட்டுக் குறிகள் எனக் கொண்டால், மொத்தம் ஏறத்தாழ 1.5 மெகாபைட் அளவே வரும். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் பல வேளைகளில் இதனினும் பெரியது. ஓர் ஊரின் எழுத்துப் பதிவுகள் அனைத்தையும் ஒரு பென்டிரைவில் அடக்கிவிடலாம். அதற்கு இடம் ஒரு தடையாவதில்லை. முறையாகச் செய்யும் வழக்கமே குறைவாக உள்ளது.

வெளியேறும் சோதனை

எம்மென்பொருளைத் தேர்ந்தாலும், பயன்படுத்தத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனையைச் செய்துபார்க்குமாறு நாம் பரிந்துரைக்கிறோம். கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ முதலிய எழுத்துகள் இடம்பெறும் ஒரு பக்கத் தமிழ் உரையையும், ஒரு சிறு அட்டவணையையும் அதில் தட்டச்சு செய்க. பின்னர் அதனைத் திறந்த ஆவண வடிவிலும் வெற்று உரையாகவும் வெளியே எடுக்க. அக்கோப்பை இணையம் துண்டிக்கப்பெற்ற வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளால் திறந்து பார்க்க. எழுத்துகள் சிதையாமல் தோன்றி, அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்குமாயின், அம்மென்பொருளை நம்பிப் பயன்படுத்தலாம். கிடைக்காவிடில், அது எத்துணை அழகியதாயினும் விலையற்றதாயினும் நீண்டகாலப் பதிவுக்கு ஏற்றதன்று. திறந்த ஆவண வடிவம் 2006ஆம் ஆண்டிலும், இன்றைய வேர்டு கோப்பின் வடிவம் 2008ஆம் ஆண்டிலும் அனைத்துலகத் தரங்களாக வெளியிடப்பெற்றவை. அவற்றின் உள்ளமைப்பு வெளிப்படையாக இருப்பதால், வேறு மென்பொருள்களும் அவற்றைத் திறக்க இயலும்.

இத்துடன் மூன்று படிகள் என்னும் வழக்கத்தையும் கடைப்பிடித்தல் வேண்டும். மூன்று படிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். சாஆவுக்கு இதனைப் பொருத்திக் காணின், அலுவலகக் கணினியில் ஒன்று, சங்கத்தின் பெயரிலமைந்த இணையக் கணக்கில் ஒன்று, வெள்ளம் எட்டாத வேறொரு நகரில் வாழும் உறுப்பினரிடம் வன்தட்டிலோ பென்டிரைவிலோ ஒன்று என அமையும். ஆண்டுக் கூட்டத்திற்கு முன்னர் மூன்றையும் திறந்து பார்த்துச் சரிபார்த்தல் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலையே.

முடிவுரை

மேசைக்கணினி மென்பொருளும் வலைவழிப் பயன்பாடும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இணைந்து எழுதவும் வெள்ளத்திலிருந்து காக்கவும் பின்னது உதவுகிறது. இணைப்பற்ற வேளையிலும், மறைகாப்பு வேண்டுமிடத்தும், நுட்பமான பக்க வடிவமைப்பிலும் முன்னது உதவுகிறது. இரண்டுமே காலத்தால் மறையக்கூடியவை என்பதைத் தமிழ்க் கணிமையின் வரலாறு காட்டுகிறது. மென்பொருளை விட்டு வெளியேறியும் வாழத்தக்க வடிவில் எழுத்து இருத்தலே தேர்வின் முதல் அளவுகோலாதல் வேண்டும். விலையும் வசதியும் அதன்பின் கருதத்தக்கன.

தோட்டத் தமிழர் வரலாற்றை ஆராய முனையும் மாணவர்கள் ஆண்டுதோறும் நம் துறைக்கு வருகின்றனர். அவர்கள் நாளை நாடிச் செல்லும் மூலங்கள், இன்று ஒரு பள்ளி அலுவலகத்திலோ ஆலய அறையிலோ யாரோ ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கோப்புகளே. பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கும் மலர்களை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை, அவற்றை வடிவமைத்தவர்களும் அவ்வெழுத்துருக்களை அறிந்தவர்களும் நம்மிடையே இருக்கும்போதே தொடங்குதல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்ப் பள்ளியின் ஒரு மலரை ஏற்றுக்கொண்டாலே அப்பணி தொடங்கிவிடும்.